கோட்டா, வேட்டியா?

(மூன்றாம் ஆண்டு இளங்கலை, ஆங்கில இலக்கியம்)

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பார்கள் நம் ஊர்ப் பெரியவர்கள். முதற்பாதியாகிய ஆளைப் பற்றி நம் ஆண்டு மலரில் எத்தனையோ கட்டுரைகள் வந்துவிட்டன. ஒழுக்கம், உழைப்பு, நேரந்தவறாமை, நூலகத்தின் பயன் என்று எழுதாத பொருள் இல்லை. மற்றப் பாதியாகிய ஆடையைப் பற்றி எழுத எவரும் முன்வரவில்லை. 'இதெல்லாம் ஒரு பொருளா?' என்று பேராசிரியப் பெருமக்கள் புருவத்தை உயர்த்தலாம். சென்ற ஆண்டு ஆவணி மாதம் வரை எனக்கும் அந்த எண்ணந்தான் இருந்தது.

அந்த ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்பாசமுத்திரத்திலிருந்து என் சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் நான்காக மடித்த ஒரு தாள். நடுநிலைப் பள்ளியில் முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வேட்டி சட்டை தவிர வேறு உடையில் அவரை நான் கண்டதில்லை. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவருடைய மகன், அப்பாவையும் அம்மாவையும் ஐந்து இரவுக் கப்பல் சுற்றுலாவுக்கு அழைத்துப் போக ஏற்பாடு செய்திருந்தான். கப்பல் நிறுவனம் அனுப்பிய விவரத் தாள்தான் அது.

"ஏல தம்பி, நீதான இங்கிலீசு படிக்கே. மூணாம் நாள் ராச்சாப்பாட்டுக்குக் கோட்டுப் போட்டுத்தான் வரணும்னு எழுதியிருக்கானே, நெசமா?" என்று கேட்டார்.

தாளை வாங்கிப் படித்தேன். மூன்றாம் நாள் இரவு 'நேர்த்தியான மாலை' என்றும், பெரிய உணவுக்கூடத்துக்கு வருவோர் அதற்கேற்ற உடையில் வரவேண்டும் என்றும், ஆடவர்க்குக் கோட்டும் டையும் பரிந்துரைக்கப்படுகின்றன என்றும் இருந்தது. அரைக்கால் சட்டை, கையில்லாப் பனியன், கடற்கரைச் செருப்பு ஆகியவை கூடாவாம்.

"சித்தி என்ன உடுத்தப் போறாங்க?" என்று கேட்டேன். உள்ளேயிருந்து சித்தியே பதில் சொன்னார்: "எனக்கென்ன யோசனை? மக கல்யாணத்துக்கு எடுத்த பட்டு இருக்கு. இந்தக் கொழப்பமெல்லாம் ஆம்பளையளுக்குத்தான்."

சித்தி சொன்னதில் பெரிய உண்மை ஒன்று இருக்கிறது. அதற்குப் பின்னால் வருகிறேன். அன்று சித்தப்பாவின் கேள்விக்கு என்னால் சரியான விடை சொல்ல முடியவில்லை. அதைத் தேடப் போய்த்தான் இக்கட்டுரை பிறந்தது.

கோட்டின் கதை

கப்பலில் இரவு விருந்துக்குச் சிறப்பாக உடுத்தி வரும் வழக்கம், இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் இடையே பெருங்கப்பல்கள் ஓடிய நாளில் வேரூன்றியது. முதல் வகுப்புப் பயணிகள் இரவு உணவுக்கு உடை மாற்றிக்கொண்டுதான் வருவார்கள். பெட்டிகள் அறைக்கு வந்து சேராத முதல் நாள் இரவும், பெட்டி கட்டும் கடைசி நாள் இரவும் மட்டும் இதற்கு விலக்கு. அதே கப்பலின் அடித்தட்டில் பிழைப்புத் தேடிப் போனவர்களை எவரும் 'என்ன உடுத்தியிருக்கிறாய்?' என்று கேட்கவில்லை.

அந்த விருந்துக்குரிய கறுப்புக் குறுங்கோட்டின் கதை சுவையானது. 1860-களில் வேல்ஸ் இளவரசராக இருந்தவர் (பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னர்) வால் நீண்ட கோட்டைச் சுமக்க மனமில்லாமல், வீட்டு விருந்துக்கு எளிதாக இருக்கட்டும் என்று இலண்டன் தையற்காரரிடம் வாலில்லாக் கோட்டு ஒன்று தைத்துக்கொண்டார். 1886-இல் அது அமெரிக்காவில் நியூயார்க் அருகே டக்ஸீடோ பார்க் என்னும் இடத்துக்குப் போய், அந்த ஊரின் பெயரையே தன் பெயராகப் பெற்றது. இன்று உலகம் முழுவதும் மிக உயர்ந்த விருந்து உடைகளுள் ஒன்றாக எண்ணப்படும் 'டக்ஸீடோ', பிறந்தபோது வீட்டில் சாரம் கட்டிக்கொண்டு உட்காருவதற்கு ஒப்பான உடை! சலுகையாக வந்தது பின்னாளில் சட்டமாகிவிட்டது.

இப்போது கப்பல் நிறுவனங்களே தளர்ந்துவிட்டன. நார்வீஜியன் என்னும் நிறுவனம் 2000-ஆம் ஆண்டிலேயே 'விரும்பியபடி உடுத்தலாம்' என்று அறிவித்துவிட்டது. அமெரிக்கக் கார்னிவல் நிறுவனம் குறும்பயணத்தில் ஓர் இரவும் நெடும்பயணத்தில் இரண்டு இரவும் மட்டும் நேர்த்தியான உடையை எதிர்பார்க்கிறது. பிரித்தானிய மரபைப் போற்றும் கியூனார்டு கப்பல்களில் பழைய கண்டிப்பின் சாயல் இன்னும் உண்டு. உடுத்த விருப்பமில்லாதவர் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. தாமே எடுத்துப் போட்டு உண்ணும் கூடம் பெரும்பாலான கப்பல்களில் இருக்கிறது.

'அப்படியானால் சிக்கல் தீர்ந்தது. சித்தப்பா அந்தக் கூடத்திலேயே உண்டுவிடலாமே' என்று நீங்கள் சொல்லக்கூடும். நானும் அதைத்தான் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "பந்திக்கு வந்தவன் அடுக்களைத் திண்ணையிலயா சாப்பிடுவான்?" என்று கேட்டார். உடையைப் பற்றிய கேள்வி பந்தியைப் பற்றிய கேள்வியாக மாறியது அப்போதுதான்.

நமக்கும் படிநிலை உண்டு

நேர்த்தியான உடை என்றவுடன் கோட்டும் டையும் நம் நினைவுக்கு வருவானேன்? நம்மிடம் உடையில் தரம் பிரிக்கும் வழக்கம் இல்லையா?

நெல்லைச் சீமையில் ஓர் ஆண்மகனின் ஒரு நாளைப் பாருங்கள். வீட்டிலும் வயலிலும் சாரம். கடைவீதிக்குப் போகும்போது நான்கு முழ வேட்டி. பெண் பார்க்கவோ துட்டி கேட்கவோ போகும்போது வெளுத்த எட்டு முழ வேட்டியும் முழுக்கைச் சட்டையும். திருமணப் பந்தலில் பட்டுக்கரை வேட்டியும் அங்கவஸ்திரமும். மடித்துக் கட்டிய வேட்டியோடு நடந்து வருபவர் எதிரில் பெரியவரைக் கண்டதும் அவிழ்த்து விடுகிறார். இதை எந்தப் பள்ளியிலும் சொல்லிக் கொடுப்பதில்லை. இருந்தும் தவறு செய்பவர் இல்லை. இவ்வளவு நுட்பமான இலக்கணம் உள்ள உடையை 'வீட்டு உடை' என்று ஒதுக்குவது அறியாமையே.

நம் கோயில்களையும் எண்ணிப் பாருங்கள். திருச்செந்தூரில் சந்நிதிக்குள் போகும் ஆடவர் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும். அதிகாரியும் கூலித் தொழிலாளியும் அங்கே ஒரே கோலந்தான். ஓரிடத்தில் கோட்டை மாட்டுவது மரியாதை. இன்னோரிடத்தில் சட்டையைக் கழற்றுவது மரியாதை. ஆகவே மரியாதை துணியில் இல்லை. 'இந்த இடத்தை நான் மதிக்கிறேன்' என்று காட்டும் மனத்தில் இருக்கிறது.

பிற நாட்டார் இதைத் தெளிவாக உணர்ந்திருக்கிறார்கள். மலேசியாவில் நீண்ட கையுள்ள பாத்திக் சட்டை கோட்டுக்கு ஈடாக விருந்துகளில் ஏற்கப்படுகிறது. பிலிப்பீன்சு நாட்டில் மெல்லிய பாரோங் சட்டையே மணமகனின் உடை, குடியரசுத் தலைவரின் உடை. உலகில் மிகக் கண்டிப்பான உடை விதி உள்ள விழாக்களுள் ஒன்று ஸ்டாக்ஹோமில் நடைபெறும் நோபல் பரிசளிப்பு விழா. ஆடவர்க்கு வால் நீண்ட கறுப்புக் கோட்டு. அல்லது அவரவர் நாட்டு உடை. 2019 டிசம்பர் 10 அன்று பொருளாதாரத்துக்கான பரிசைப் பெற வந்த அபிஜித் பானர்ஜி, வேட்டியும் கழுத்து மூடிய கறுப்புக் கோட்டும் அணிந்து வந்தார். உடன் பரிசு பெற்ற அவர் துணைவியார் எஸ்தர் டூஃப்லோ சேலை உடுத்தி வந்தார். ஸ்வீடன் மன்னரின் முன்னிலையில் தகும் வேட்டி, சுற்றுலாக் கப்பலின் உணவுக்கூடத்தில் தகாதா?

உடையும் உரிமையும்

ஆயினும் 'வேட்டியே உயர்ந்தது, கோட்டு அடிமைச் சின்னம்' என்று முழங்கிவிட்டு நான் அமர்ந்துவிட மாட்டேன். மேடைப் பேச்சுக்கு அது நன்றாக இருக்கும், உண்மைக்குப் பொருந்தாது. உடையின் வரலாறு நம் தென்மாவட்டங்களில் கண்ணீரால் எழுதப்பட்டது.

அன்றைய தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நாடார் குலப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் போராடினார்கள். 1859-இல்தான் மன்னரின் ஆணை வந்தது. அதிலும் 'உயர்குலப் பெண்கள் உடுத்தும் முறையில் மட்டும் உடுத்தக் கூடாது' என்று ஒரு கொக்கி இருந்தது. 1930-இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிட மக்கள்மீது ஆதிக்கச் சாதியார் எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஆடவரின் துணி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. சட்டையோ கோட்டோ பனியனோ அணியக் கூடாது என்பவை அவற்றுள் அடங்கும். ஜே. எச். ஹட்டன் தம் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். நம் பொருநைக்கரைச் சிற்றூர்களிலும் பண்ணையாரின் எதிரே தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்ட தலைமுறை உண்டு. சட்டையும் கோட்டும் தடுக்கப்பட்ட மக்களுக்குச் சட்டையும் கோட்டும் விடுதலையின் அடையாளம் ஆனதில் வியப்பென்ன?

1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தியடிகள் சட்டையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். ஏழை உடுத்துவதையே தாமும் உடுத்துவது என்பது அவர் முடிவு. அண்ணல் அம்பேத்கர் நேர்த்தியான கோட்டும் டையும் அணிந்தார். ஒடுக்கப்பட்டவன் எவருக்கும் குறைந்தவனல்லன் என்பதை அவர் உடை சொல்லிற்று. 1931-இல் இலண்டன் இரண்டாம் வட்டமேசை மாநாட்டில் இருவரும் ஒரே அவையில் இருந்தார்கள், ஒருவர் அரையாடையில், ஒருவர் முழுக்கோட்டில். இருவர் உடுத்தியதும் சரியே. ஏனெனில் இருவருமே பிறருக்கு அஞ்சியோ பிறரைப் பார்த்தோ உடுத்தவில்லை; தாம் யார் பக்கம் நிற்கிறோம் என்பதை எண்ணி உடுத்தினார்கள்.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2014 ஜூலை 11 அன்று, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி டி. அரிபரந்தாமன், சேப்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு கிரிக்கெட் சங்க மன்றத்தில் நடந்த நூல் வெளியீட்டு விழாவுக்கு வேட்டி கட்டிச் சென்றார். மன்றத்தின் விதிப்படி வேட்டி கூடாது என்று வாயிலிலேயே தடுக்கப்பட்டார். சட்டமன்றத்தில் எல்லாக் கட்சியினரும் கண்டனம் தெரிவித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் சட்டம் நிறைவேறியது. வேட்டி முதலிய இந்திய மரபு உடைகளை அணிந்து வருவோரைத் தடுக்கும் மன்றங்களின் உரிமத்தை நீக்கலாம். தடுத்தவர்க்கு ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் விதிக்கலாம்.

சட்டத்தை வரவேற்கிறேன். ஆனால் ஓர் ஐயம் என்னை விடவில்லை. வாயிலில் நின்றவர் நீதிபதியாக இல்லாமல், அதே வெள்ளை வேட்டி கட்டிய ஒரு காய்கறி வியாபாரியாக இருந்திருந்தால்? செய்தி வந்திருக்குமா? சட்டமன்றம் கொதித்திருக்குமா? வேட்டிக்கு வந்த அவமதிப்பு நமக்கு வலித்தது. துணியில்லாக் காரணத்தால் நாள்தோறும் வாயிலில் நிற்பவனின் அவமதிப்பு நமக்கு வலிப்பதில்லை.

சித்தப்பாவின் முடிவு

சித்தப்பாவின் வீட்டு முன்னறையில் ஒரு பழைய புகைப்படம் தொங்குகிறது. என் பாட்டனாரின் தந்தை. அம்பாசமுத்திரத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர். தலைப்பாகை, கழுத்து மூடிய கறுப்புக் கோட்டு, கீழே வெள்ளை வேட்டி. பாரதியாரும் வ. உ. சிதம்பரனாரும் கோட்டும் தலைப்பாகையுமாக இருக்கும் படங்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். 1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, வெள்ளையனுக்குப் போட்டியாகக் கொழும்புக்குக் கப்பல் விட்டவர் கோட்டு அணிந்ததால் சுதேசி உணர்ச்சியில் குறைந்துவிடவில்லை. கோட்டா வேட்டியா என்று நாம் இன்று சண்டையிடுகிறோம். அவர்கள் காலத்தவர் இரண்டையும் சேர்த்தே அணிந்து பிரச்சினையைத் தீர்த்துவிட்டார்கள்!

படத்தைக் காட்டி, "சித்தப்பா, இதே மாதிரி ஒரு கோட்டுத் தைச்சா என்ன?" என்றேன். தையற்கடையில் விலை கேட்டுவிட்டு வந்தார். "ஒரு ராத்திரிக்கு அம்புட்டு ரூவாயா?" என்று கையை உதறினார். ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்த வேட்டி இப்போது கடைகளில் கிடைக்கிறது, கப்பல் ஆட்டத்தில் அவிழாது என்று யாரோ சொன்னார்கள். அறுபது ஆண்டுகளாக வேட்டி கட்டுகிறவரிடம் சொல்லத்தக்க சொல்லா அது? இரண்டு நாள் பேசவில்லை.

இறுதியில் அவர் முடிவு செய்தது: மெல்லிய கரையிட்ட எட்டு முழ வேட்டி, வெள்ளை முழுக்கைச் சட்டை, அங்கவஸ்திரம். மகன் தொலைபேசியில், "அப்பா, எல்லாரும் உங்களையே பாப்பாங்கப்பா" என்று தயங்கினான். கப்பல் நிறுவனத்துக்கும் எழுதிக் கேட்டான். 'தங்கள் நாட்டு விழா உடை தாராளமாக ஏற்கப்படும்' என்று பதில் வந்தது.

பயணம் முடிந்து திரும்பியவரிடம் முதலில் அதைத்தான் கேட்டேன். "என்னத்தச் சொல்ல? ஒருத்தனும் திரும்பிப் பாக்கலடே!" என்றார். அந்தக் குரலில் நிம்மதியோடு சிறிது ஏமாற்றமும் கலந்திருந்தது. அடுத்த மேசையில் ஒருவர் பாத்திக் சட்டையில் இருந்தாராம். இன்னொருவர் கோட்டில்லாமல் வெறும் சட்டையில் வந்து நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போனாராம். குளிரூட்டிய கூடத்தில் அங்கவஸ்திரத்தைப் போர்த்திக்கொள்ள வசதியாக இருந்ததாம். நாம் வாரக்கணக்கில் அஞ்சிய கண்கள் பெரும்பாலும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கின்றன.

ஆனால் அவர் கடைசியாகச் சொன்ன ஒரு செய்தி என் மனத்தில் தைத்தது. "ஒண்ணு கவனிச்சேன் தம்பி. அங்க கோட்டும் கழுத்துல பட்டாம்பூச்சி டையும் ஒழுங்காப் போட்டிருந்தது யாருங்க? சாப்பிட வந்தவனில்ல. பரிமாறுன பையங்கதான்."

நம் கல்லூரி விருந்து

இங்கேதான் கப்பலை விட்டு நம் கல்லூரிக்கு வருகிறேன்.

ஒவ்வோராண்டும் இறுதியாண்டு மாணவர்க்குப் பிரிவுபசார விழா நடக்கிறது. சில ஆண்டுகளாக அதற்கு ஓர் எழுதாத சட்டம் வந்துவிட்டது. மாணவர் அனைவரும் ஒரே நிறக் கோட்டு. மாணவியர் அனைவரும் ஒரே நிறச் சேலை, அதற்கேற்ற கைவேலை இரவிக்கை. கோட்டு வாடகைக்குக் கிடைக்கிறது. நாள் வாடகை 500 ரூபாய். முன்பணம் 1,000 ரூபாய். படம் எடுப்பவருக்குத் தனி. நம் வகுப்பில் பாதிப் பேர் அரசின் உதவித்தொகையை நம்பிப் படிக்கிறவர்கள் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சென்ற ஆண்டு எங்கள் மூத்த மாணவர் ஒருவர் அந்த விழாவுக்கு வரவில்லை. மூன்றாண்டுகள் எல்லாக் கூட்டத்திலும் நாற்காலி தூக்கியவர். எங்களுக்குக் குறிப்பேடுகள் தந்து உதவியவர். பின்னர் ஒரு நாள் வண்ணாரப்பேட்டையில் சந்தித்தபோது, "ஏன் அண்ணே வரல?" என்று கேட்டேன். சிரித்தார். சனி, ஞாயிறுகளில் திருமண மண்டபங்களில் பந்தி பரிமாறும் வேலைக்குப் போகிறவர் அவர். அங்கே கறுப்புக் கோட்டும் வில் டையும் போட்டுத்தான் பரிமாற வேண்டும்.

"வாரம் ரெண்டு நாள் அந்தக் கோட்ட மாட்டிக்கிட்டுத்தான் தம்பி நான் படிச்சேன். அதப் போட்டாக் காசு கிடைக்கும். அன்னைக்கு மட்டும் காசு குடுத்து அதே கோட்டப் போட்டுக்கிட்டு வரணுமாக்கும்?" என்றார்.

அவருடைய வகுப்புப் படம் துறை முகப்பில் மாட்டியிருக்கிறது. நாற்பத்திரண்டு கோட்டுகள் அதில் நிற்கின்றன. அந்த அண்ணன் இல்லை. ஒவ்வொரு முறை அதைக் கடக்கும்போதும் எனக்கு அந்த இல்லாத ஒருவர்தான் தெரிகிறார்.

நீதிபதியை வாயிலில் தடுத்த மன்றத்தின் மீது சினந்தோமே, நண்பர்களே! நாம் நடத்துவதும் ஒரு மன்றந்தானே? நம் வாயிலில் காவலாளி இல்லை. அச்சிட்ட விதியும் இல்லை. ஆனால் நம் அண்ணன் தாமாகவே திரும்பிப் போய்விட்டார். வெளியே தெரியாத தடை சட்டத்துக்கு அகப்படாது. அதை நாமேதான் நீக்க வேண்டும்.

ஒரு மறுப்பு எழும். 'ஒரே மாதிரி உடுத்தினால் ஏழை, பணக்காரன் வேறுபாடு மறையுமே. பள்ளிச் சீருடை அதற்குத்தானே வந்தது?' என்பார்கள். நல்ல கேள்வி. பள்ளிச் சீருடையை அரசு இலவசமாகத் தருகிறது. ஆகவே அது வேறுபாட்டை மறைக்கிறது. கையிலிருந்து பணம் போட்டு வாங்க வேண்டிய சீருடை வேறுபாட்டை மறைக்காது, வேறுபட்டவனையே மறைத்துவிடும்.

'அப்படியானால் எல்லாரும் வேட்டி கட்டிவிடலாம்' என்பார் மற்றொரு சாரார். அதுவும் முழு விடையாகாது. பொங்கலுக்கு அரசு தரும் இலவச வேட்டி 1983 முதல் வருகிறது, அதுவும் வேட்டிதான். பட்டுக்கரை வேட்டியும் வேட்டிதான். பட்டுக்கரைதான் வேண்டும் என்று வகுப்பில் நான்கு பேர் சொல்லிவிட்டால், கோட்டுச் சுமை இறங்கி வேட்டிச் சுமை ஏறும். வேட்டி கட்டி வழக்கமில்லாத நண்பனும் நம்மிடையே உண்டு. அவனைக் கட்டாயப்படுத்துவதும் முறையன்று.

இனி, சித்தி சொன்ன உண்மைக்கு வருகிறேன். 'இந்தக் குழப்பம் ஆம்பளைகளுக்குத்தான்' என்றார் அவர். சேலை எந்தச் சபைக்கும் தகும் என்ற துணிவு நம் பெண்களுக்கு இயல்பாக இருக்கிறது. அந்தத் துணிவு நம் மாணவியர் விழாவில் எங்கே போயிற்று? வீட்டில் இருக்கும் நல்ல சேலையை விட்டுவிட்டு, ஒரு நாளைக்காக எல்லாரும் ஒரே நிறத்தில் புதிதாக வாங்குவதேன்? நம் வீரவநல்லூரில் சௌராட்டிர நெசவாளர் தறியில் நெய்யும் செடிபுட்டாச் சேலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தத் தறியொலி கேட்கும் தொலைவில் இருந்துகொண்டு, கைப்பேசியில் படம் பார்த்து எங்கிருந்தோ மொத்தமாக வரவழைக்கிறோம். அம்மாவின் பழைய சேலையை உடுத்தி வரும் தோழி, அன்றைய கூட்டத்தில் எவருக்கும் குறைந்தவளாகத் தோன்ற மாட்டாள்.

என் வேண்டுகோள்

ஆகவே மூன்று கருத்துகளை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, விழாவுக்கு விழாவுக்குரிய உடையில் வருவோம். 'என் விருப்பம், நான் எப்படியும் வருவேன்' என்று கசங்கிய பனியனோடு வருவது சுதந்திரம் ஆகாது. விருந்துக்கு அழைத்தவரையும் அருகில் அமர்பவரையும் மதிக்காத செயல் அது. 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்ற பழமொழி ஏழையைக் கேலி செய்யப் பிறந்ததன்று. துவைத்துத் தேய்த்த துணி எவர்க்கும் எட்டும் கௌரவம் என்பதே அதன் பொருள்.

இரண்டாவது, நேர்த்தி என்பது ஒரே ஓர் உடைக்கு உரியதன்று. கோட்டு உள்ளவர் கோட்டில் வரட்டும். அதை விரும்பி அணிபவரைப் பழிக்க வேண்டாம். வேட்டி, சேலை, சுடிதார், வெளுத்த சட்டை, தேய்த்த கால்சட்டை எல்லாம் ஒரே வரிசையில் நிற்கட்டும். நிறம் ஒன்றாவதால் வகுப்பு ஒன்றாகிவிடுவதில்லை.

மூன்றாவது, இதுவே முதன்மையானது. விழாவுக்காக எவரும் கடன் வாங்கக் கூடாது. வாடகைக்கு எடுக்கக் கூடாது. தம்மிடம் உள்ளவற்றுள் சிறந்தது எதுவோ, அதுவே அன்றைய விதியாகட்டும். நம்முள் வசதி குறைந்த ஒருவன் கூச்சமின்றி நிறைவேற்றக்கூடியதே நியாயமான விதி. அவனால் முடியாத விதி எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்குப் பெயர் தடைதான்.

எங்கள் வகுப்பில் இதைப் பற்றிய பேச்சு இன்னும் முடியவில்லை. 'ஒரு நாள்தானே, வாழ்க்கை முழுவதும் இருக்கும் படமாயிற்றே' என்கிறார்கள் நண்பர்கள். அவர்களுடைய ஆசையும் எனக்குப் புரிகிறது. முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருவன் கோட்டணிந்து நிற்கும் படத்தை அவன் தாய் வீட்டுச் சுவரில் மாட்டிப் பார்த்து மகிழ்வாள். அந்த மகிழ்ச்சியைப் பறிக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் அருகிலேயே இன்னொரு வீட்டுச் சுவர் வெறுமையாக இருக்கிறது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரண்டு சுவரிலும் படம் இருக்கும்படி ஒரு வழியைத் தேடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இம்மலர் உங்கள் கைக்கு வரும்போது எங்கள் விழா முடிந்திருக்கும். துறை முகப்பில் எங்கள் படமும் ஏறியிருக்கும். அதில் யார் என்ன உடையில் நிற்கிறார்கள் என்று பார்க்காதீர்கள். வருகைப் பதிவேட்டை எடுத்துவந்து தலைகளை எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தால், எங்கள் வகுப்பு நன்றாக உடுத்தியிருந்தது என்று கொள்ளுங்கள்.